பட்டி மாட்டை விற்றுவிடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் பர்கூர் மலையில் இருக்கிறது. அப்பாவிடம் நாற்பத்திரண்டு உருப்படி பட்டி மாடுகள். வருஷத்தில் சில மாதம் காட்டுக்குள் பட்டி போட்டு மேய்ப்பது தாத்தா காலத்துக்கும் முந்தைய வழக்கம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். காடு சரணாலயம் ஆகிவிட்டது, இனி மாடு உள்ளே போகக்கூடாது என்று ஊரில் பேச்சு. வன உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று கேட்டால், 'அது பழங்குடிகளான சோளகர்களுக்குத்தான், லிங்காயத்துகளுக்குக் கிடையாது' என்கிறார்கள். அண்ணன் எல்லாவற்றையும் ஆடிச் சந்தையில் தள்ளிவிடலாம் என்கிறான். அப்பா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. கூடப் படித்த நண்பன் ஒருவன் மாடுதான் காட்டை அழிக்கிறது என்று வீடியோ அனுப்பிக்கொண்டே இருக்கிறான். போன மாதம் ஒரு கிடாரியைச் சிறுத்தை அடித்துவிட்டது. செத்த மாட்டில் மருந்து வைக்கலாம் என்றார் பக்கத்துப் பட்டிக்காரர். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. விற்றுவிடலாமா, வைத்திருக்கலாமா? அப்பா செய்வது தப்பா?

பதில்:

தம்பி, முதல் காரியமாக அண்ணனைக் கூப்பிட்டு, இந்த ஆடிக்கு மாடு எதையும் வண்டியில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். குருநாதசாமி கோயில் சந்தைக்கு மலையே பயந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் விலை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மேய்ச்சல் உரிமை கேட்கப்போகிற ஊரில் பட்டி காலியாக இருந்தால், எதற்கு உரிமை என்று எதிரில் இருப்பவர் கேட்பார். நான் வக்கீல். அந்தக் கேள்வியை நானே மற்றவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

ஊரில் அடிபடும் பேச்சில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டின் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலைத் தடை செய்தது. அதே மாதம் அந்த உத்தரவைத் திருத்தி, புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு மட்டும் தடை என்று சுருக்கியது. உங்கள் காடு அப்போது வெறும் காப்புக்காடு. அதனால் தலை தப்பியது. 2024 தொடக்கத்தில் அந்தியூர், கோபி வட்டங்களில் சுமார் 800 சதுர கிலோமீட்டர் காடு தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆனது. ஒரு பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், இன்னொரு பக்கம் கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலை, காவிரிக் காடுகள். நடுவில் உங்கள் காடு. யானையும் புலியும் போய்வரும் பாதை அது என்பதால்தான் சரணாலயம் ஆக்கினார்கள், அந்தக் காரணத்தில் பொய் இல்லை. ஆனால் 2022-ல் வாசலோடு போன உத்தரவு, இந்த அறிவிப்பு திறந்த கதவு வழியாக உள்ளே வந்துவிட்டது. ஊர்க்காரர்களின் பயம் வெறும் வதந்தி இல்லை.

இரண்டாவது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். சரணாலயம் என்றாலே மாட்டுக்கு அடியோடு தடை என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. மேய்ச்சலை ஒழுங்குபடுத்தலாம், கட்டுப்படுத்தலாம், தடுக்கலாம் என்று 33-ஆம் பிரிவு தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு அதிகாரம் கொடுக்கிறது. அவர் அனுமதித்த மேய்ச்சல் குற்றமாகாது என்று 29-ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. அதிகாரம் அவர் கையில் இருக்கிறது, சரி. அனுமதிக்க வழியே இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டியது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் முழுப்பெயரை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. அதில்தான் விடையே இருக்கிறது. பட்டியல் பழங்குடியினர் 'மற்றும் இதர பாரம்பரிய வனவாசிகள்' என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறது. சோளகர்களுக்கு மட்டும் என்று சொன்னவர் தலைப்பில் பாதியோடு நிறுத்திவிட்டார். அந்தச் சட்டம் 'வன நிலம்' என்று சொல்லும்போது சரணாலயத்தையும் தேசியப் பூங்காவையும் சேர்த்தே சொல்கிறது. மேய்ச்சல் உரிமை 3-ஆம் பிரிவில் பெயர் சொல்லியே இருக்கிறது. ஒரே இடத்தில் இருந்து மேய்ப்பவர்களுக்கும் உண்டு, பருவத்துக்குப் பருவம் இடம் மாறி மேய்ப்பவர்களுக்கும் உண்டு. 4-ஆம் பிரிவு 'வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும்' என்றுதான் தொடங்குகிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. பழங்குடியினர் என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்டினால் போதும். உங்களைப் போன்றவர்கள் அந்தத் தேதிக்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930-க்குப் போகிறது. அங்கேதான் பலர் கையை விரித்துவிடுகிறார்கள்.

விரிக்க வேண்டாம். 1930-க்கு யாரிடம் பட்டா இருக்கிறது? சட்டம் எழுதியவர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் விதிகளில் 13-ஆவது விதி, எதெல்லாம் சாட்சி என்று நீளமாக ஒரு பட்டியல் கொடுக்கிறது. பழைய கெசட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, செட்டில்மென்ட் அறிக்கை, வனத்துறையின் வேலைத் திட்டங்கள், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, கிணறு, இடுகாடு, கோயில், வம்சாவளி, உரிமை கேட்பவர் அல்லாத ஒரு பெரியவரின் வாக்குமூலம். இதில் ஏதாவது இரண்டு இருந்தால் போதும். குறிப்பிட்ட ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தால்தான் ஆயிற்று என்று எந்தக் கமிட்டியும் பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்பதையும் விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் ஊருக்கு இதில் ஒரு அனுகூலம் இருக்கிறது. மாட்டுக்கே மலையின் பெயர். செவலை உடம்பில் வெள்ளைத் திட்டு விழுந்த பர்கூர் மாட்டைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இனம் இன்றைக்கு அரசு பதிவு செய்த நாட்டு மாட்டினங்களில் ஒன்று. அதற்கென்று கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே உங்கள் மலையில் இருக்கிறது. காட்டில் மேய்ந்து வளர்ந்த இனம் என்று அரசாங்கப் புத்தகமே சொல்லும்போது, அதை மேய்த்தவன் எங்கிருந்தான் என்ற கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடுகிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தின் பழைய கெசட்டியரையும் கால்நடைத் துறையின் பழைய அறிக்கைகளையும் தேடிப் பிரதி எடுங்கள். ஈரோடு மாவட்டம் 1979-ல்தான் தனியாகப் பிரிந்தது. ஆகவே 'கோயம்புத்தூர்' என்ற தலைப்பில் தேடினால்தான் கிடைக்கும்.

வீட்டிலும் தேட வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் வேறொரு மலையூரில் இதே வேலையாகப் போய் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையையும் நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் துண்டுக்குள் எதையோ மடித்து வைத்துக்கொண்டு எட்டவே நின்றார். கேட்டதற்கு, "இது வேண்டாங்க, மானம் போயிரும்" என்றார். வாங்கிப் பார்த்தால், மாடு காட்டுக்குள் போனதற்குக் கட்டிய அபராத ரசீதுகள். மூன்று தலைமுறைச் சேமிப்பு, ஒன்றிரண்டு கரையான் அரித்தது. அன்றைக்கு அங்கே வந்த காகிதங்களில் அதைவிட நல்ல சாட்சி எதுவும் இல்லை. இந்த ஆள், இந்தக் காட்டில், இந்தத் தேதியில் மாடு மேய்த்தான் என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த காகிதம் அல்லவா அது! அபராதம் கட்டினவன், ஆக்கிரமிப்புப் பட்டியலில் இருந்தவன் என்ற ஒரே காரணத்துக்காக உரிமைக் கோரிக்கையைத் தள்ளக்கூடாது என்று விதியே சொல்கிறது. உங்கள் வீட்டில் மேய்ச்சல் சீட்டு, அபராத ரசீது, தொண்டுப்பட்டியில் மாட்டை மீட்ட ரசீது எது இருந்தாலும் அவமானம் என்று எரித்துவிட வேண்டாம்.

அடுத்து, இதைத் தனி ஆளாகக் கேட்க முடியாது. மேய்ச்சல் என்பது ஊர் உரிமை. கிராம சபை கூடி, பத்திலிருந்து பதினைந்து பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். பழங்குடியினர் இருக்கிற ஊரில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களாக இருக்க வேண்டும். குழுதான் படிவம் 'பி'-யில் கோரிக்கையை வாங்கும், இடத்தைப் போய்ப் பார்க்கும், வரைபடம் போடும். வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் முன்கூட்டியே எழுத்தில் தகவல் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும். வராமல் இருந்துவிட்டு, பிறகு 'எங்களைக் கூப்பிடவில்லை' என்று ஆட்சேபம் செய்தால் இன்னொரு முறை கூப்பிட வேண்டும். அப்போதும் வராவிட்டால் சபையின் முடிவே முடிவு. அங்கிருந்து கோட்டாட்சியர் தலைமையிலான குழு, பிறகு கலெக்டர் தலைமையிலான குழு. இடையில் நிராகரித்தால் அறுபது நாளுக்குள் மேலே போக வேண்டும். அந்த அறுபது நாளைக் கோட்டை விட்டவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

காகிதத்தில் இதெல்லாம் சுலபம். மலையில் எது கழுத்தைப் பிடிக்கும் தெரியுமா? கோரம். இந்தச் சட்டப்படி கிராம சபையில் பாதிப் பேர் உட்கார்ந்திருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஒரு பஞ்சாயத்துக்குள் மலையெங்கும் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு பஸ் இல்லை, இளவட்டங்கள் பாதிப் பேர் உங்களைப் போலத் திருப்பூரில். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15 என்று வழக்கமாகக் கூடும் சபையில் கையெழுத்து நோட்டைப் பார்த்தால் பாதியாவது, கால்வாசியாவது! 2012-ல் விதிகளைத் திருத்தியபோது, ஒவ்வொரு பஞ்சாயத்திலும் உள்ள குக்கிராமங்களையும் குடியிருப்புகளையும் பட்டியல் எடுக்கச் சொன்னதன் பயன் இங்கேதான். உங்கள் குடியிருப்பு அளவிலேயே சபை கூட முடியுமா என்பதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள். எண்பது வீட்டில் பாதியைக் கூட்டுவது நடக்கிற காரியம். தேதி குறித்ததும் திருப்பூரில் இருக்கிற எல்லாரும் இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்கு வந்தாக வேண்டும். ஓவர்டைம் போகும், போகட்டும்.

சோளகர்களை விட்டுவிட்டு இதைச் செய்யப் பார்க்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் தேன், நெல்லி, சீமாறுப் புல், கடுக்காய் கேட்பார்கள். நீங்கள் மேய்ச்சல் கேட்பீர்கள். ஒரே சபை, ஒரே தீர்மானப் புத்தகம். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை மிஞ்சப் பார்த்தால் இரண்டு கோரிக்கையும் அலுவலகத்தில் தூசி படிந்து கிடக்கும்.

இனி உங்கள் நண்பன் அனுப்பும் வீடியோவுக்கு வருவோம். அதைக் கேலி செய்து ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

பந்திப்பூர்க் காட்டின் ஓரத்து ஊர்களில் மாட்டுச் சாணத்தைப் பற்றி ஒரு ஆய்வு நடந்தது. அங்கே ஒரு காலத்தில் எரு அவரவர் நிலத்துக்குப் போனது. 1990-களில் காப்பி விலை ஏறியதும் எஸ்டேட்காரர்கள் லாரி வைத்து எருவை வாங்க ஆரம்பித்தார்கள். பாலுக்கும் உழவுக்கும் வைத்திருந்த மாடு, சாணத்துக்காக வைத்திருக்கிற மாடாக மாறிற்று. மந்தை பெருத்தது. எங்கோ வெளிநாட்டில் காப்பிக்குக் கிடைக்கிற விலை, இங்கே காட்டுக்குள் எத்தனை மாடு மேய்வது என்பதைத் தீர்மானித்தது. காட்டில் முளைத்த புல் சாணமாகி லாரியேறி வெளியே போய்விட்டது. அந்தச் சத்து திரும்பி வருவதில்லை. நோயும் உண்டு. 1968-ல் முதுமலை, பந்திப்பூர்ப் பக்கம் வெக்கை நோய் வந்து காட்டெருதுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மாட்டுக்கு வந்தால் காட்டெருதுக்கும் வருகிற நோய் அது. அந்த நோய் 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்தது, கோமாரி இன்னும் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1982-ல் எருமை மேய்ச்சலுக்குத் தடை போட்டார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் அங்கே பத்து வருஷம் ஆய்வு செய்துவிட்டு என்ன சொன்னது? எருமை மேயாததால் நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து ஏரியை அடைத்துக்கொண்டது, பறவைகளுக்கு அது கெடுதல் என்றது. தடைக்காக உயிர் போனது, கடைசியில் தடையே தப்பு என்று ஆயிற்று. அதற்காக, பரத்பூர் ஏரியில் சரியாக இருந்தது பர்கூர் மலையிலும் சரியாக இருக்கும் என்று நான் வாதாட மாட்டேன். மாடு எத்தனை, எந்த ஓடைப் பக்கம், எந்த மாதத்தில் என்பதையெல்லாம் பார்க்காமல் மாடு காட்டுக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால் எந்த விஞ்ஞானியும் பதில் சொல்ல மாட்டார். பங்குனி வெயிலில் ஒரே ஒரு குட்டையில் தண்ணீர் இருக்க, அதன் கரையில் நாலு பட்டி போட்டால், யானை எங்கே போகும்? அது அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

அப்பா செய்வது தப்பில்லை. ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். நாற்பத்திரண்டில் உங்களுடையது எத்தனை? மலைப் பட்டிகளில் கீழ்நாட்டுக்காரர் விட்டுவைத்த மாடும் சேர்ந்து நிற்பது எல்லா இடத்திலும் உள்ளதுதான். மேய்ச்சல் கூலியோ, எருவில் பங்கோ கிடைக்கும் என்று வாங்கி விட்டிருப்பார்கள். வன உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு காட்டை நம்பிப் பிழைக்கிறவனுக்குத்தான். அந்தியூரில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர் மாட்டுக்கு அது குடை பிடிக்காது. சபையில் யாராவது எழுந்து இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால், நீங்களே பிரித்துக் கணக்கு எழுதிவிடுங்கள். உங்கள் மாடுகளுக்குக் காதில் மஞ்சள் வில்லை போட்டிருப்பார்கள் அல்லவா, பன்னிரண்டு இலக்க எண்ணோடு? அந்த எண்ணை வைத்தே ஒரு நோட்டில் பசு, கிடாரி, காளை, கன்று என்று எழுதுங்கள். கோமாரி ஊசி போட்ட தேதியை எதிரில் எழுதுங்கள். சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வது தலைமை வனவிலங்குக் காப்பாளரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. ஊசி போடாத மாட்டை உள்ளே விடக்கூடாது என்றும் சொல்கிறது. அவருடைய கடமையை அவருக்கு ஞாபகப்படுத்தி ஒரு மனு கொடுங்கள், மரியாதையாக. ஊசி கேட்டு வருகிற ஊரை யாரும் எதிரியாகப் பார்ப்பதில்லை.

அந்த நோட்டு கைக்கு வந்தபிறகுதான் விற்பனைப் பேச்சு. கீழ்நாட்டு மாட்டைத் திருப்பி அனுப்பலாம். வயசான எருது, இனப்பெருக்கத்துக்கு உதவாத உருப்படி எது என்று அப்பாவே சொல்லட்டும். பசுக்களிலும் நல்ல பொலிகாளையிலும் கை வைக்க வேண்டாம். பக்கத்தில் காவிரிக் கரையோரம் ஆலம்பாடி மாடு எப்படித் தேய்ந்து போயிற்று என்று உங்கள் அப்பாவே பார்த்திருப்பார். இப்போது அதைத் தேடிப் பிடித்துக் காப்பாற்ற அரசாங்கம் பணம் செலவழிக்கிறது. கட்டுத்தறியில் கட்டித் தீவனம் போட்டு வளர்க்கலாமே என்று உங்களுக்கு ஆலோசனை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். பர்கூர் மாட்டைக் கட்டிப்போட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று திருப்பிக் கேளுங்கள். பாலும் பெரிதாகக் கறக்காது, முட்டவும் வரும்.

உரிமைச் சான்று கேட்கிற ஊர், கூடவே தன் கட்டுப்பாட்டையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது என் அனுபவம். எத்தனை மாடு, எந்தெந்த மாதம், எந்த ஓடைப் பக்கம் பட்டி போடக்கூடாது, தீ வைத்தால் ஊர் என்ன தண்டனை தரும். சட்டத்தின் 5-ஆம் பிரிவு காட்டையும் வனவிலங்கையும் காக்கும் பொறுப்பைக் கிராம சபையிடமே கொடுத்திருக்கிறது. இதில் நான் உங்களுக்காகச் சேர்க்க நினைப்பது லாண்டானா என்கிற உண்ணிச்செடி. நூறு வருஷத்துக்கு முன்னால் புல் இருந்த இடத்தில் இப்போது முள்ளும் புதருமாக ஆள் நுழைய முடியாமல் கிடக்கிறது. மாடும் காட்டெருதும் மீதமிருக்கிற கொஞ்சம் புல்லுக்கு அடித்துக்கொள்கின்றன. உண்மையில் சண்டையின் பாதிக் காரணம் அந்தச் செடிதான். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைச் சோளகப் பெரியவர்கள், சருகுத் தீ வைக்கிற வழக்கத்தை நிறுத்தியபிறகுதான் உண்ணி இப்படிப் பெருகிற்று என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்நியச் செடிகளை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-ல் கொள்கையே வகுத்திருக்கிறது. 'இத்தனை ஏக்கர் உண்ணியை நாங்கள் வெட்டுகிறோம், புல் வந்தபிறகு எங்கே எத்தனை மாடு என்று உட்கார்ந்து பேசுவோம்' என்று உங்கள் சபை தீர்மானம் போட்டால், அதை வாங்கி வைக்கிற அதிகாரி இரண்டாம் தடவை படித்துப் பார்ப்பார். வெட்டிய உண்ணிக்குச்சியில் நாற்காலி, மேசை செய்து விற்கிறவர்கள் பக்கத்து மாதேஸ்வரன் மலையிலேயே இருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மேய்ச்சல் இல்லாத மாதத்தில் நாலு பேருக்காவது கூலி ஆகும்.

'சரணாலயத்தில் இதெல்லாம் எங்கே நடந்திருக்கிறது?' என்று கேட்பார்கள். எல்லை தாண்டி நடந்திருக்கிறது. பிலிகிரிரங்கன் மலை 2011 ஜனவரியில் புலிகள் காப்பகம் ஆனது. அதே வருஷம் அங்குள்ள சோளகர் ஊர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. நாட்டிலேயே புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அவர்கள் பழங்குடியினர், உங்களைவிட வழி சுலபம் என்பது உண்மைதான். ஆனால் 'காப்பகத்துக்குள் உரிமையே கிடையாது' என்ற வாதம் அன்றைக்கே போய்விட்டது. சான்று வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்தின் மேண்டா லேகா ஊருக்கு 2009-ல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மேல் உரிமை கொடுத்தார்கள். ஆனால் வெட்டிய மூங்கிலை வெளியே கொண்டுபோகும் பாஸ் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. 2011 ஏப்ரலில் மத்திய அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து நின்றபிறகுதான் அந்தப் புத்தகம் கிராம சபையின் கைக்கு வந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷம்! மூங்கில் ஒன்றும் அழுகிவிடவில்லை, ஊரும் சோர்ந்துவிடவில்லை.

இப்போதைக்கு உங்கள் நிலை என்ன என்பதைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். உரிமை சட்டத்தில் இருக்கிறது, ஆனால் இன்னும் அங்கீகாரம் ஆகவில்லை. அதுவரை எதிரில் நிற்பவர் கையில் நீதிமன்ற உத்தரவு இருக்கும், உங்கள் கையில் சட்டப் புத்தகம் மட்டும் இருக்கும். ஆகவே காட்டுக்குள் வனக்காவலரோடு வாய்த்தகராறு வேண்டாம். மாட்டைத் திருப்பச் சொன்னால் திருப்பிவிட்டு, எந்த உத்தரவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். படிக்காமல் எந்தக் காகிதத்திலும் அப்பா கைநாட்டோ கையெழுத்தோ வைக்கக் கூடாது. 2022-ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது, வன உரிமைச் சட்டம் பொருந்தும் இடங்களில் சரணாலய மேலாண்மைத் திட்டத்தைக் கிராம சபையைக் கலந்து தயாரிக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். திட்டம் எந்த நிலையில் இருக்கிறது, எங்கள் சபையை எப்போது கூப்பிடுவீர்கள் என்று இன்றைக்கே ஒரு கடிதம் போடலாம். அதற்குச் சான்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சிறுத்தை விஷயம். அப்பா மறுத்தது மிகச் சரி. சிறுத்தை, வனவிலங்குச் சட்டம் மிக அதிகப் பாதுகாப்புக் கொடுக்கிற முதல் அட்டவணை விலங்கு. மருந்து வைத்து அது செத்தால் குறைந்தது மூன்று வருஷம், ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். அதோடு உங்கள் ஊர்க் கோரிக்கையும் சேர்ந்து செத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடாரி போனதற்கு வனச்சரக அலுவலகத்தில் உடனே எழுதிக் கொடுங்கள், கால்நடை மருத்துவரின் சான்றோடு. இனிமேல் அடித்தால், காயத்தையும் காது வில்லையையும் சேர்த்துப் படம் எடுத்து வைக்க வேண்டும். இன்னொன்று, செத்த மாட்டுக்குக் கழுகு வரும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கிற பாறுக் கழுகுகள் இரை தேடி எவ்வளவோ தூரம் பறக்கும். வலிக்கு மாட்டுக்குப் போடுகிற டைக்ளோஃபினாக் ஊசியால்தான் அந்த இனமே ஏறக்குறைய அழிந்தது. 2006-ல் அதற்குத் தடை வந்தது, 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் வந்தது. மாட்டுக்கு ஊசி போட வருகிறவரிடம் மெலாக்சிகாம் போடச் சொல்லுங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

அண்ணன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. காட்டில் ராத்திரி பட்டிக் காவலுக்குப் படுக்க அவனும் வரவில்லை, நீங்களும் வரவில்லை. எழுபது வயதுக்காரர் ஒருவர் தனியாக எத்தனை வருஷம் படுப்பார்? மேய்ச்சல் உரிமையை வாங்கிக் கொடுக்க என்னால் உதவ முடியும், மேய்ப்பதற்கு ஆள் கொடுக்க முடியாது. அதை நீங்கள் மூன்று பேரும் வீட்டில் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கிடைத்ததைப் படம் எடுத்து அனுப்புங்கள். ரசீது இருந்தால் பின்பக்கத்தையும் எடுங்கள், முத்திரையும் தேதியும் சில சமயம் அங்கேதான் இருக்கும்.